மூன்றாம் அறைக் கூடுகள்

யுத்தத்தில் பாராசூட்டுக்குப் பட்டு வேண்டியிருந்த காலம். பெங்களூரில் ஒரு பட்டுப்புழுப் பண்ணையில் எனக்குக் கணக்குப் போடும் வேலை. ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். மூன்று அறைப் புழுக்களுக்கு மூன்று வகை மல்பெரி இலை போட்டு, எது கனமான கூடு கட்டுகிறது என்று பார்த்தோம். மூன்றின் சராசரி எடையும் ஒன்றுதான் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணத்தைக் கணக்கு தள்ளிவிட்டால், மூன்றில் குறைந்தது ஒன்று வேறு என்று அர்த்தம். எது, ஏன் என்றெல்லாம் அது சொல்லாது.

கணக்கு தள்ளிவிட்டது. மூன்றாம் அறைக் கூடுகள் லேசாக இருந்தன. அங்கே போட்டது பண்ணை அதிகாரியே வளர்த்த இலை. அதைக் குறை சொல்லிவிட முடியுமா? பழி, அந்த அறையில் இலை போட்ட, நீலசந்திராப் பேட்டையிலிருந்து வரும் கூலிக்காரி தலையில் விழுந்தது.

"தீட்டோட உள்ள போயிருப்பா சார்," என்றான் மேஸ்திரி. தீட்டுக்காரி புழு அறைக்குள் போகக் கூடாது என்பது அங்கே கட்டு. எம்.எஸ்ஸி. படித்த அதிகாரியும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், ஒரு கூட்டோட எடைக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. எல்லா அறையிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடிக் குறையணும். மூணாவதுல பாதி கனம், பாதி சப்பை. ஒரு புழுவோட சீக்கு மத்ததுக்கும் ஒட்டியிருக்கு," என்றேன்.

"வித்தியாசம் இருக்குன்னு வந்திருச்சில்ல? அது போதும்," என்றார்.

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், அந்தக் கூலியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. கேட்டருகே அவளைப் பிடித்தேன்.

"எனக்கு அதெல்லாம் நின்னு எத்தினியோ வருசமாச்சு, மிஸ்ஸம்மா," என்றாள் மெதுவாக.

"உள்ளயே சொல்லியிருக்கலாமே?"

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி எப்டிம்மா சொல்றது?"

நான் திரும்பிப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் காது சிவந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "சர்ச்சுக்குப் போற பொண்ணு பேசற பேச்சா இது?" என்றார். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். அறை முழுக்கக் கோமியம் தெளித்தார்கள். அடுத்த முறை அங்கே வளர்த்த புழு மொத்தமும் செத்தது. மேஸ்திரி அந்தப் புதியவளை வாசலுக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டான்: "நீ தலைக்குக் குளிச்சு எத்தினி நாளாச்சு?"