கலியாண வாழை

விவசாயம் சொல்லிக்கொடுக்கும் கமத்தொழில் போதனாசிரியர் வரதராசாவைப் போல ஈவிரக்கமில்லாத மனிதர் உண்டா என்று, கொட்டாஞ்சேனைக்கு அப்பால் களனி கங்கைக் கரையில் வாழை வைத்திருந்த சனம் ஒரு காலம் வாய்விட்டே திட்டியது. அவர்தான் என்ன செய்வார், பாவம்! வெள்ளைக்காரன் காலத்து உத்தியோகம். வெள்ளவத்தையில் வாடகை வீடு. காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுதுசாயும்வரை தோட்டம் தோட்டமாக அலைச்சல். அந்த வருஷம் பார்த்து வாழைக்கு ஒரு பொல்லாத நோய் வந்து தொலைத்தது. குருத்து விரியாமல் நுனியிலேயே கொத்தாகக் குறுகிப்போகும். மருந்து கிடையாது. ஒரு கன்றில் கண்டாலும் அந்தத் தூரையே கிளறி எரிக்கவேண்டும். இல்லாவிட்டால் பூச்சி அதைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கொண்டுபோய்விடும்.

அழகுமுத்துவின் குத்தகைத் தோட்டத்தில் பாதி போனது. பிஞ்சுக் குலைகளோடு வெட்டினான். பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், சும்மா கெட" என்று அவளை அதட்டிவிட்டு, வரதராசா சொன்னபடியே புதுக்கன்று வைத்தான்.

அடுத்த தோட்டம் மயிலம்மாவுடையது. புருஷன் இல்லாதவள். மகளின் கலியாணப் பந்தலுக்கென்று இரண்டு மரங்களைக் குலையோடு விட்டிருந்தாள். அவற்றின் அடியில் நின்ற பக்கக்கன்று குறுகிப்போயிருந்ததை வரதராசா கண்டுவிட்டார்.

"வாசல்ல கட்டன்னு வச்ச மரம் சார். அத நெருப்புல போட்டா எம் புள்ள வாழ்க்கை என்னாகும்?" என்று அவள் காலடியில் விழுந்தாள்.

படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! குலைவாழை கட்டிய வாசலால் மாலையும் கழுத்துமாக வந்த மனுஷன்தானே அவரும்.

"சரி, அழாதையுங்கோ. கலியாணம் முடியட்டும். பிறகு தூரோடை கிளறிப்போடுங்கோ" என்றார். கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது.

அந்த வாழைகளை அழகுமுத்துவே தோளில் சுமந்துபோய்ப் பந்தலில் கட்டினான். சார் பார்த்துவிட்ட மரமென்றால் பழுதில்லாத மரம் என்பது அவன் நம்பிக்கை.

சில மாதங்களில் அவனுடைய புதுக்கன்றுகளும் மிஞ்சியிருந்த பாதியும் ஒன்றுவிடாமல் குறுகின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்து வாசலில் நின்றான். சண்டை பிடிக்க வரவில்லை. வந்திருந்தால்கூட அவருக்கு மனம் ஆறியிருக்கும்.

"தோட்டத்த விட்டுட்டேன் சார். நாளையிலேருந்து துறைமுகத்துல மூட்டை தூக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே, நான் எங்க சார் பிசகுனேன்?"

மயிலம்மாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வரதராசா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய். பயம், வெறும் பயம்.

"உன்னிலை ஒரு பிழையுமில்லை, அழகுமுத்து."

"அப்ப எப்படி சார் வந்துச்சு?"

அவர் குனிந்து சைக்கிளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினார். அழகுமுத்து, "எங் கைதான் ராசியில்லாத கை போல" என்று கும்பிட்டுவிட்டுப் வாசல் படலையைச் சாத்திக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அழகுமுத்து ஒரு கீரைகூட நடவில்லை.