எழும்ப மறுத்தவர்

ஒஸ்லோவில் நான் காவலாளியாக இருந்த முதலீட்டு நிறுவனத்துக்கு, அமெரிக்காவிலிருந்து அப்பாச்சிப் பழங்குடித் தலைவர் ஒருவர் வந்தார். நரைத்த நீண்ட பின்னல். தங்கள் மலையைத் தோண்டும் சுரங்கத்தில் முதலிட வேண்டாமென்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவரோ மடியிலிருந்த தொப்பியின் விளிம்பைத் தடவியபடி, கதிரையை விட்டு எழும்பவில்லை.

“ஆளை வெளியில கொண்டுபோ,” என்றார் மேலாளர்.

தலைவரின் தோளில் கைவைத்தேன்.

“எந்த ஊர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யாழ்ப்பாணம். எங்கட காணியில இப்ப ஆமி முகாம் இருக்குது.”

“உங்களை அங்கயிருந்து எழுப்பினவன்ர முகம் ஞாபகமிருக்கா?”

“ஓம்.”

“எனக்கும் உங்கட முகம் ஞாபகமிருக்கும்.”

கையை எடுத்துவிட்டேன். பிறகு பொலிஸ்காரர் வந்து அவரைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தது நான்தான். கடந்துபோகையில் அவர் எனக்குத் தலையசைத்தார். எதற்கென்று இன்றும் விளங்கவில்லை.