லுங்கியை எதில் செருகுவது?

போன வாரம் என் இடுப்பு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. நான் இன்னும் திருத்தணியில்தான் இருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

ஸ்டேஷன் பக்கத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் சலீம் பாய் என் நண்பர். பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கிகளை இத்தனை வருஷமாகச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவந்தார். அவர்கள் தங்கள் பெயரை ஒட்டிக் கப்பலேற்றுவார்கள். இந்த முறை பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு கடைக்காரம்மாவை நேரடியாகப் பிடித்து, சாம்பிளாக ஒரு கட்டு அனுப்பினார். சாம்பிள் பிடித்தால் பெரிய ஆர்டர். வந்தே தீரும் என்ற நம்பிக்கையில் தறிக்காரர்களுக்கு நூலும் கொடுத்துவிட்டார்.

நேரடி என்றால் நிஜமாகவே நேரடியா? சாயம் போகாது என்று சர்டிஃபிகேட் கொடுக்க ஒரு லேப். லேபிளுக்கு ஒரு டிசைனர். துறைமுகத்துப் பேப்பர் வேலைக்கு ஒரு ஏஜென்ட். கடலில் விழுந்தால் இன்ஷூரன்ஸ். இத்தனையையும் சேர்த்து நாம் ‘சரக்கு ஏற்றுமதி’ என்கிறோம். சரக்கு எங்கே இருக்கிறது? கட்டைப் பிரித்தால் உள்ளே வரிசையாக சர்வீஸ்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்... நெய்தவருக்குத்தான் இடம் இல்லை.

சாம்பிள் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே மெயில் வந்தது. வாங்கியவர்கள் எல்லாம் திருப்பிக் கொடுக்கிறார்களாம். ‘இது என்ன, அடிப்பக்கம் இல்லாத சாக்கா?’ என்று கேட்கிறார்களாம். கட்டும் முறையை எழுதி அனுப்பினால்தான் மேற்கொண்டு பேச்சு.

பாய் என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“சார், நீங்கதான் வாரா வாரம் எழுதிகினு கீறீங்களே. இதுக்கும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க.”

“இதென்ன பெரிய விஷயம் பாய்?” என்றேன். வீட்டில் எனக்கு லுங்கியைத் தவிர வேறு உடுப்பே கிடையாது. உட்கார்ந்து எழுதினேன். ‘உள்ளே நுழையவும். ஒரு பக்கமாக இழுத்து மடிக்கவும். சுருட்டிச் செருகவும்.’ அழகாக இங்கிலீஷில் போட்டு அனுப்பினோம்.

மறுநாளே பதில்: ‘எதில் செருகுவது?’

நியாயமான கேள்வி. பெல்ட் இல்லை, நாடா இல்லை... எதில்தான் செருகுகிறோம்? ‘லுங்கியை லுங்கியிலேயே செருகவும்’ என்று எழுதினேன். ‘எவ்வளவு இறுக்கமாக?’ என்று வந்தது. ‘பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் அவிழாத அளவுக்கு’ என்றேன். அந்த அம்மாவுக்கு இது ஓர் அளவாகவே படவில்லை. வீடியோ கேட்டுவிட்டார்.

பாயின் தொப்பை ஃப்ரேமில் அடங்கவில்லை. எனவே நான். முகம் தெரியக் கூடாது என்ற கண்டிஷனோடு கடை மொட்டைமாடியில் நின்றேன். பாய் செல்போனில் எடுத்தார். மலைக்கோயில் மைக், மின்சார ரயில் ஹார்ன் என்று டேக் மேல் டேக் வீணானது. ஒன்றில் லுங்கியே கழன்று விழுந்தது — உள்ளே டிராயர் இருந்தது, கவலை வேண்டாம்.

நேற்று பதில் வந்தது. பாய் கடையிலேயே உட்கார்ந்து படித்தோம்.

வீடியோ பிரமாதமாம். அந்த இடுப்பில் ஒரு தன்னம்பிக்கை தெரிகிறதாம். வீடியோவைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்களாம். இன்னும் விதவிதமாகக் கட்டிக் காட்டி அனுப்ப வேண்டுமாம். துணி மட்டும் வேண்டாமாம். அது வேறு நாட்டில் மலிவாகக் கிடைக்கிறதாம்.

“உங்க இடுப்பு பாஸு சார். நம்ம லுங்கிதான் ஃபெயிலு” என்று சிரித்தார் பாய். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. “ஆர்டர் வந்துடும்னு நம்பி தறிக்காரங்க பாவு நூலைத் தறில ஏத்திட்டாங்க சார். நான் போய் இன்னான்னு சொல்றது?”

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பாழாய்ப்போன இடுப்பு, கொஞ்சம் சுமாராகக் கட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

“தனியா போக பயமா கீது சார், நீங்களும் வாங்க” என்றார். இதோ, இருவரும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். தறிக்காரர்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

லுங்கி நெய்ய ஒரு ஊரே வேண்டும். கட்டிக் காட்ட ஒரு இடுப்பு போதும்!