நவுன் வாத்தியார்

1. சேர்ந்த நாள்

அறுபதுகளின் நடுவில், சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த டுட்டோரியலில் ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டுப் போனேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவர்களைக் கரையேற்றும் இடம். நானே பி.யூ.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன் என்பது ஓனர் கோதண்டம் சாருக்குத் தெரியாது.

"ஒரு கிளாஸ் எடுய்யா, பாப்போம்" என்றார்.

நவுன் எடுத்தேன். ஆங்கில இலக்கணத்தில் எனக்கு முழுசாகத் தெரிந்தது அது ஒன்றுதான். குறிஞ்சிப்பாடி என்றால் பிராப்பர் நவுன், டவுன் என்றால் காமன் நவுன், ஆட்டு மந்தை கலெக்டிவ், தங்கம் மெட்டீரியல், கையில் பிடிக்க முடியாத பயம் அப்ஸ்ட்ராக்ட். அப்புறம் ஒருமை பன்மை: மேன் மென், டூத் டீத், ஆக்ஸ் ஆக்ஸன். வகுப்பே ராகம் போட்டது. கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். வேலை கிடைத்துவிட்டது.

டென்ஸ் எடுக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என் ஊரான கடலூருக்குத் திரும்ப ரயிலேறியிருப்பேன்.

2. அஸ்திவாரம்

ஜூலையில் தொடங்கிய நவுனைப் பொங்கல் வரை இழுத்தேன். ஜெண்டருக்கு ஒரு மாதம், நம்பருக்கு ஒரு மாதம், ரிவிஷனுக்கு ரிவிஷன். பரீட்சை மார்ச்சில்.

"என்னாய்யா, இன்னுமா நவுனு?" என்றார் கோதண்டம் சார்.

"அஸ்திவாரம் சார். ஸ்ட்ராங்கா போடணும்."

"அது சரி. வூட்ட எப்பய்யா கட்டுவ?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். முதல் பெஞ்சில் இருந்த யூசுப் மட்டும் சிரிக்கவில்லை.

யூசுப்புக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு இரண்டு வயதுதான் இளையவன். பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் வருவான். ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. அன்று வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் என்னை மடக்கினான்.

"சார், இந்த ஹேஸ் பீன், ஹேட் பீன்லாம் எப்ப சார் நடத்துவீங்க? போன ரெண்டு தடவயும் அதுலதான் சார் போச்சு."

"நடத்தலாம், என்னா அவசரம்?"

"இந்தத் தடவ பாஸ் பண்ணலன்னா மாமா பினாங்குக்குக் கப்பல் ஏத்திடுவாரு சார். அவரு கடையிலயே ஆளு வேணுமாம். உம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியல. என்னய விட்டா ஆளு இல்ல. பாஸானா கடலூர்லயே ஏதாவது ஆபீஸ்ல கிளார்க்கா போயிடுவேன்."

'எனக்கும் அது வராது யூசுப்பு, வேற யார்கிட்டயாவது போய்ப் படி' என்று சொல்லியிருக்கலாம். டுட்டோரியலுக்கு நாலு வீடு தள்ளி ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். கேட்டால் சும்மாவே சொல்லிக்கொடுப்பார். ஆனால் அவரிடம் அனுப்பினால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

"நவுன்ல ஃபுல் மார்க் எடு. மத்ததெல்லாம் தானா வரும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பரீட்சைக்கு முந்தின வாரம் நோட்ஸைப் பார்த்து டென்ஸ் நடத்தினேன். இரண்டு நாள். எனக்கும் புரியவில்லை.

3. ரயிலடி

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், கடலூர் வண்டிக்காகச் சிதம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்த் திசையில் நாகப்பட்டினம் போகிற வண்டி வந்து நின்றது. அதிலிருந்து யூசுப் இறங்கி ஓடி வந்தான். புதுச் சட்டை. பெட்டியோடு அவன் மாமா ஜன்னலோரம் இருந்தார். ரிசல்ட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"நாளைக்குக் கப்பலு சார்."

"உம்மா?"

"பக்கத்து வூட்ல பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க." வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "சார், நீங்க நடத்துன நவுனு அப்படியே வந்துச்சு. ஒண்ணு வுடாம எழுதிட்டேன். மத்ததுதான் என் மரமண்டையில ஏறல. நீங்களும் எவ்ளோ பாடுபட்டீங்க. ஒங்க பேரக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க சார்."

"பரவால்ல, போயிட்டு வா" என்றேன். பெரிய மனசு பண்ணி அவனை மன்னித்து அனுப்பினேன்.

அந்த வருஷமே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டென்ஸ் படித்தேன். மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. அவ்வளவுதான் அது. பிறகு முப்பது வருஷம் எந்த வகுப்பிலும் டென்ஸைத்தான் முதலில் நடத்தினேன். தெரியாததைக் கேட்டால், "எனக்குத் தெரியல, நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லப் பழகினேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அந்த ஒரு வாக்கியம்தான். மாடிப்படியில் நின்று அதை நான் சொல்லியிருந்தால் யூசுப்பின் உம்மா பக்கத்து வீட்டுச் சோற்றுக்குக் காத்திருந்திருக்க மாட்டார்.