சாப்பாட்டு மேடு

எவ்லின் பெல்ஃப்ளோர் வேலைக்குச் சுணங்குகிறவள் இல்லை. ஆனால் வசதியாக உட்கார இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு ஒரு வாய் ரொட்டி இறங்காது. அணையோ சாலையோ வருவதற்கு முன்னால் போய், மண்ணுக்குள் பழையது ஏதும் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் தொல்லியல் குழுவில் அவள் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. எந்தக் காட்டில் இறக்கிவிட்டாலும் முதலில் சாப்பாட்டுக்கு இடம் பிடித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவாள். கறுப்பு ஈக்கள் காதுக்குள் புகுந்து கடிக்கிற கனடாவின் வடக்குக் கெபெக்கில் அது லேசுப்பட்ட வித்தையில்லை. அவள் உட்காரும் இடத்துக்கு மட்டும் எங்கிருந்தோ காற்று வந்து ஈயை விரட்டிவிடும்.

இந்தத் தடவை இறங்கிய ஆற்றங்கரை மேடு அவளுக்கு உயிர். அவளுடைய இன்னு பழங்குடி ஜனங்கள் ஆதியிலிருந்தே படகில் ஆற்றை எதிர்த்து வரும்போது தங்கி இளைப்பாறிய இடம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் போதுமா? மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது வர வேண்டும். வராவிட்டால், தோண்டக் கொடுத்த கெடு முடிந்த மறுநாள் காலையே சாலைக்குச் சரளை அள்ளும் இயந்திரம் வந்து மேட்டையே வழித்துக்கொண்டு போய்விடும். தோண்டிய குழியெல்லாம் வெறும் மணல். கடைசி நாள் மதியம் எவ்லினுக்குத் தேநீர்கூடக் கசந்தது.

"என்னக்கா, ரொட்டி அப்படியே இருக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான் குழுத் தலைவன் நோர்மான்.

"வாயை மூடு தம்பி. மேடு பூரா தோண்டியாச்சா?"

"பூராத்தான்."

"இங்க?" தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

நோர்மான் தலையைச் சொறிந்தான். "இங்கயும் ஒரு குழி வரணும். நீங்கதானே, சாப்பிடுற எடத்துல குழி போட்டா கையை ஒடிப்பேன்னீங்க! சரி, கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"நான் சொன்னா விட்டுடுவியா, மடையா! ஈ கடிக்காத எடம் எனக்கே தெரியுது, எங்க ஆளுங்களுக்குத் தெரியாமலா போயிருக்கும்? எந்திரி, எந்திரி!"

கெட்டில் ஒரு பக்கம் உருண்டது, ரொட்டி ஒரு பக்கம் உருண்டது. பாசியை உரித்து ஒரு சாண் இறங்குவதற்குள், தீயில் வெந்து சிவந்து வெடித்த கற்கள் வட்டமாகத் தெரிந்தன. அடுப்பேதான். சாம்பல் மண்ணில் வெளுத்த எலும்புத் துணுக்குகள். எவ்லின் போட்ட கூச்சலில் அக்கரை வாத்துகள் எழும்பிப் பறந்தன. நோர்மான் உடனே இயந்திரத்துக்காரருக்குப் போன் போட்டு, நாளைக்கு இந்தப் பக்கம் தலைவைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சாயங்காலத்துக்குள் குழி அகலமானது. அடுப்புக்குப் பக்கத்தில் கருவி செய்ய வெள்ளைக் கல்லைச் செதுக்கிய சில்லுகள் அரைவட்டமாகச் சிதறிக் கிடந்தன. நடுவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. என்றோ யாரோ அங்கே உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள். சில்லுகள் அவரைச் சுற்றி விழுந்திருக்கின்றன.

நோர்மான் அந்த வெற்றிடத்தைக் கையால் அளந்தான். "அக்கா, அகலத்தைப் பாத்தீங்களா? ஒங்க சைஸ்தான்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எவ்லினுக்குக் கோபமே வரவில்லை. கண்ணீர் வழிய வழிய அவளும் சிரித்தாள்.

"சைஸை விடுடா. ஆத்துப் பக்கம் மூஞ்சியை வச்சு, காத்து அடிக்கிற எடமாப் பாத்து உக்காந்திருக்கா பாரு. எங்க வீட்டுப் பொம்பளையேதான்!"