மும்மணி ஆராதனையில் ஒன்றரை மணி

பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றிருந்தபோது என் புடவை நனைந்தது. பெரிய வெள்ளி, பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதற்கான பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் எங்கள் சபையில் என்னைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் வெட்கம் வரவில்லை. மரத்துப்போய் அடுத்த அடியைப் பாடி முடித்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு வருடமாகவே அரை மணிக்கொரு முறை கழிவறைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அதனால் அன்று விரதத்தோடு தண்ணீரையும் நிறுத்தினேன். உள்ளே இல்லாதது எப்படி வெளியே வரும் என்று நினைத்தேன், பெரிய புத்திசாலி மாதிரி.

என் கணவர் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர், கள்ளிக்குப்பத்துக்காரர். குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்.

"இன்னா ஸ்டெல்லா, ஒரு வருசமா இத்த மறச்சிகினு இருந்தியா? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா பாட்ட வுட்டுடச் சொல்வீங்க," என்றேன். எனக்கு மிச்சமிருந்த பயம் அது ஒன்றுதான்.

அந்த வாரமே அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பரிசோதனையில் சிறுநீரில் கிருமி இல்லை, சர்க்கரையும் இல்லை. டாக்டரம்மா சொன்ன பெயர் ஓவர்ஆக்டிவ் பிளாடர் (சிறுநீர்ப்பை நிறையும் முன்பே சுருங்கி அவசரப்படுத்துவது).

"தண்ணி குடிக்காம இருந்தா மூத்திரம் கெட்டியாகி பைய இன்னும் எரிச்சல்படுத்தும்மா. நீங்களே வினையை இழுத்துக்கிட்டீங்க," என்றார்.

மாத்திரை கொடுத்தார். ஓட்டம் குறைந்தது. ஆனால் வாய் வறண்டு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பாட்டு எடுத்தால் காற்றுதான் வந்தது. திரும்பப் போய்ச் சொன்னேன்.

"அப்ப மாத்திரைய நிறுத்திட்டுப் பயிற்சி செஞ்சு பாக்கலாம். மாசக்கணக்காகும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். காபியை விட்டேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். இடுப்புத்தளப் பயிற்சி (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) தினமும் மூன்று வேளை. அவசரம் வந்தால் ஓடாமல் உட்கார்ந்து, அது தணிந்த பிறகு போக வேண்டும். மற்ற நேரம் கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும். அரை மணி முக்காலாகி, ஒன்றரை மணி வரை வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள், என்னைப் போல் மறைக்காதீர்கள்.

அடுத்த பெரிய வெள்ளிக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். ஒன்றரை மணிக்கு மூன்றாவது வார்த்தை முடிந்தது. அவசரம் எதுவும் இல்லை. இருந்தும் கடிகாரப்படி கழிவறைக்குப் போக எழுந்து, முன்வரிசையிலிருந்து வாசல் வரை, சபை முழுக்கப் பார்க்க நடந்தேன். திரும்பி வந்தபோது பாட்டு தொடங்கியிருந்தது. இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொண்டேன். குரல் வந்தது. அதன்பின் ஆராதனை முடியும்வரை எனக்கு மணி பார்க்கத் தோன்றவில்லை.