சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள்

டொக்டர்மாருக்கும் வகுப்பு நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியும். பல வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். படிக்க அல்ல… மைக் கட்ட.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். களுவாஞ்சிக்குடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். கோயில், கலியாணம், கூட்டம் என்று ஊரில் எத்தனையோ பேருக்கு மைக் கொடுத்திருக்கிறேன். அதில் நான் பேசியது இன்றுவரை ஒரே பேச்சுத்தான். "ஹலோ… மைக் டெஸ்டிங்… வண்… டூ…" அதற்குள் யாராவது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டால், த்ரீ வராது.

அப்படிப்பட்டவனை ஒரு மண்டபம் நிறைய டொக்டர்மார் திரும்பிப் பார்த்தால்?

நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் இந்தக் கதையில் என் மனைவி வசந்தாவும் வருகிறாள். அவளிடம் அனுமதி வாங்கத்தான் இவ்வளவு நாள். போன ஞாயிற்றுக்கிழமைதான், "சரி, எழுதித் துலைங்க" என்றாள்.

வசந்தா தேற்றாத்தீவில் பாலர் பாடசாலை ஆசிரியை. பதினான்கு வருடமாக அங்கேதான். பாலர் பாடசாலை என்றால் சும்மா இருந்து படிப்பிக்கிற வேலை இல்லை. முயலாகத் துள்ள வேண்டும், மாடாகக் கத்த வேண்டும், நாள் முழுக்கப் பாட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு ஆஸ்துமா வந்தது. நாம் முட்டு என்போமே, அதுதான். டொக்டர், வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்ப் ஒன்று கொடுத்தார். காலையும் மாலையும் தவறாமல் அடித்தாள். ஆனாலும் இரண்டு வரி பாடினால் மூன்றாம் வரியில் நெஞ்சு கீச்சென்று விசில் அடிக்கும்.

ஒருநாள் பாட்டின் நடுவில் முட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? "டீச்சர் கோச்சி விடுறா!" என்று கத்திக்கொண்டு, பின்னால் வந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, ரயில் மாதிரி வரிசை கட்டிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினாள்.

சனிக்கிழமை விடிய, நான் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றும்போது அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"போற வழியில தலைவர்ர வீட்டில குடுத்திட்டுப் போங்க."

பாலர் பாடசாலை நிர்வாகக் குழுத் தலைவரின் வீடு தேற்றாத்தீவில் பிரதான வீதியிலேயே இருக்கிறது.

"திங்கக்கிழமை குடுப்பமே?"

"திங்கக்கிழமை எண்டா எனக்கு மனம் மாறிரும். இண்டைக்கே குடுங்க. பம்பும் வேலை செய்யுதில்ல, நானும் வேலை செய்யல்ல. ரெண்டும் ஒண்டாக் கிடக்கட்டும் வீட்டில."

வாங்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரின் பெட்டிக்குள் வைத்தேன். தலைவர் வாசலில் நின்று பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். வரும்போது கொடுப்போம்… என்ன அவசரம்?

மட்டக்களப்பில், வாவிக்கரைப் பக்கம் மண்டபம். அலர்ஜியும் ஆஸ்துமாவும் பார்க்கிற டொக்டர்மாருக்கு அன்று முழுநாள் வகுப்பு. ஒருத்தர் இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கண் சிவந்து கிடந்தது. இன்னொருத்தர் மூன்று பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். லீவு நாளில் யார் இவர்களைப் பிடித்து இழுத்து வந்தது? ஒருவரும் இல்லை. தாங்களாகவே வந்திருந்தார்கள்.

முதல் வரிசையில் எங்கள் பெரிய டொக்டர் இருந்தார். எங்கள் பக்கத்தில் யாருக்கு இருமல் என்றாலும் முதலில் ஓடுவது அவரிடம்தான். தலை முழுக்க வெள்ளை. வசந்தாவுக்குப் பம்ப் பிடிக்கக் காட்டித் தந்தவரும் அவரே. அவர்தான் வகுப்பெடுக்கப் போகிறார் என்று நினைத்து, அவருக்கு ஏற்ற உயரத்தில் மைக்கைத் தூக்கி வைத்தேன்.

அவரோ பையிலிருந்து ஒரு நாற்பது பக்கக் கொப்பியை எடுத்து மடியில் வைத்தார்.

வகுப்பெடுத்தவர் ஒரு பெண். சுவாச நோய் நிபுணர். எங்கள் பெரிய டொக்டரிடம் ஒரு காலத்தில் வேலை பழகியவராம். மைக்கைத் திரும்பவும் கீழே இறக்கினேன்.

காலை முழுக்கச் சிலைட். பாதி ஆங்கிலம், எனக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். முட்டு வரும்போது மட்டும் நீலப் பம்பை அடித்துக்கொண்டு காலம் தள்ளுவது சரியில்லை என்று இப்போது உலகம் முழுக்க எண்ணம் மாறிவிட்டதாம். சாப்பாட்டு அலர்ஜி பற்றியும் சொன்னார். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு உதடு வீங்கும், மூச்சடைக்கும் என்று பயங்கரப் படங்கள்.

பிறகு பகல் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தால், வாவி இறால் கறி! ஒரு டொக்டரும் ஒரு இறாலைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. நானும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, நிபுணர் மேசையில் பம்புகளை அடுக்கினார். உள்ளே மருந்து இல்லை, பழகுவதற்கு மட்டும். ஆளுக்கொரு புது வாய்க்குழாய்.

"எல்லாரும் நோயாளிக்கு ஒவ்வொரு நாளும் காட்டுறீங்கதானே? இண்டைக்கு எனக்குக் காட்டுங்க. நான் முதல்ல செய்யிறன்."

மைக்கின் முன்னால் நின்று செய்தார். என் காதில் ஹெட்போன். பம்ப் 'ஸ்க்' என்றது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மைக் செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். வயரை ஆட்டிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அடுத்ததாக ஒரு இளம் டொக்டர் வந்தார். பம்பை அமத்தி இழுத்தார்.

சர்ர்ர்ர்!

காது கிழிந்தது. பாய்ந்து குறைத்தேன். குறைத்த பிறகுதான் உறைத்தது… இந்தச் சத்தத்தை எனக்குத் தெரியுமே! மூன்று வருடமாக, காலையும் மாலையும், எங்கள் குசினியிலிருந்து கேட்கிற சத்தம் இதுதானே?

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது.

"சவுண்ட் அண்ணன், மைக்கில ஏதும் பிழையா?" என்றார் நிபுணர்.

முழு மண்டபமும் திரும்பியது. எழுந்து நின்றேன்.

"இல்ல மெடம்… மைக் நல்லாத்தான் இருக்கு. நீங்க இழுக்கக்குள்ள ஒண்டும் கேக்கல்ல. இவர் இழுக்கக்குள்ள… சூறாவளி அடிச்ச மாதிரி."

மண்டபம் சிரித்தது. அந்த இளம் டொக்டரும் சிரித்தார். நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதத்தான் நான் சொல்ல வந்தன். இந்தப் பம்பை மெதுவா, ஆழமா இழுக்கணும். வேகமா இழுத்தா மருந்து தொண்டையில அடிச்சு அங்கயே நிண்டிரும். நெஞ்சுக்குள்ள போகாது. தூள் மருந்துக் குளிசையைப் போட்டு இழுக்கிற மற்றச் சாமானுக்குத்தான் வேகம் வேணும். நாங்க ரெண்டையும் ஒரே மாதிரிக் காட்டிப் போட்டு, மருந்து வேலை செய்யல்ல எண்டு அளவைக் கூட்டுறம்." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணன், ஹெட்போனைக் கழட்ட வேணாம். சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டொக்டர்மாருக்குச் சோதனை வைக்கிற ஆளாகிவிட்டேன்.

வரிசையில் வந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அவர்கள் திரும்பச் செய்தார்கள். "அண்ணன், கொஞ்சம் பாத்துப் போடுங்க," என்று ஒருவர் கண்ணைக் காட்டினார். இரவு வேலை முடிந்து வந்தவர் முதல் தரமே சரியாகச் செய்தார், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பயம் தெளிந்து, கை தாராளமாக மேலே போய்வந்தது.

பிறகு பெரிய டொக்டர் எழுந்து வந்தார்.

கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பழகின கையால் பம்பை எடுத்தார். குலுக்கினார். மூச்சை வெளியே விட்டார். இழுத்தார்.

சர்ர்ர்.

என் கை மேலே போகவில்லை.

எப்படிப் போகும்? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மருந்து தந்த மனிசன். நாளைக்கு நெஞ்சு நொந்தாலும் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவருடைய ஆட்கள் முழுப்பேரும் பார்த்திருக்க, நான் கையைத் தூக்கவா?

"என்ன? நல்லாத்தானே செஞ்சன்?" என்றார் அவர்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் மிக்சர் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் வசந்தாவின் கடிதம் கிடந்தது.

கையைத் தூக்கினேன். காதுவரைக்கும்தான் தூக்க முடிந்தது.

அவர் திரும்பச் செய்தார். சர்ர்ர். இந்தமுறை கை கொஞ்சம் மேலே போனது. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ வசந்தா டீச்சர்ர மாப்பிள்ளைதானே?"

"ஓம் டொக்டர்."

"டீச்சர் எப்பிடி இழுக்கிறா?"

"இதே சத்தம்தான் டொக்டர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் தன் பாட்டில் போனது. "நீங்க காட்டித் தந்த மாதிரியே… ஒரு பிசகும் இல்லாம செய்யிறா."

சிரிப்பு வெடித்தது. நான் மேசைக்கு அடியில் வயர் தேடுவது போலக் குனிந்தேன்.

எழும்பிப் பார்த்தால், பெரிய டொக்டர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தன்னிடம் வேலை பழகிய அந்தப் பெண்ணிடம் பம்பை நீட்டினார்.

"மகள், எனக்கு இன்னொருக்காக் காட்டு. மெதுவாக் காட்டு."

அவர் காட்டினார். இவர் செய்தார். கை தூக்கினேன். திரும்பச் செய்தார். அதற்கடுத்த முறை, என் காதில் 'ஸ்க்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அமைதி… அருமையான அமைதி! நான் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மண்டபம் தட்டிய கைதட்டலில் பெரிசு அதுதான். மிக்சரில் சத்தம் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது, நான் குறைக்கவில்லை.

அவர் போய் இருந்து, கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போதும் தலைவர் வீட்டுப் படலை திறந்துதான் கிடந்தது. ஓட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை.

"கடிதம் குடுத்தாச்சா?" எங்கள் வாசலிலேயே வசந்தா கேட்டாள்.

"இல்ல. வசந்தா, நீ பம்பை இழுக்கிற சத்தம் பிழை."

"என்ன?"

நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டில சோறு வேணுமா எண்டு கேட்டா வாய் திறக்க மாட்டீங்க. அங்க போய் டொக்டர்மாருக்கு மார்க் போட்டீங்களாக்கும்! அவர்ர மூஞ்சில இனி நான் எப்பிடி முழிக்கிற?"

திங்கட்கிழமை பின்னேரம் அவளை டொக்டரிடம் இழுத்துக்கொண்டுதான் போனேன். நாங்கள் உள்ளே போனதும் பெரிய டொக்டர் கதிரையிலிருந்து எழுந்தார்.

"டீச்சர், மூணு வருசமா நான் உங்களுக்குப் பிழையாக் காட்டித் தந்திருக்கன். மன்னிச்சுக்கங்க. இண்டைக்குத் திருத்துவம், இருங்க."

இப்படி ஒரு சொல்லை டொக்டரின் வாயால் கேட்டிருக்கிறீர்களா? வசந்தா, "பரவாயில்ல டொக்டர்… நீங்க சொன்னத நான் சரியாத்தான் செய்தன்," என்றாள். டீச்சர் அல்லவா!

அதே மருந்து, அதே அளவு. இழுக்கிற விதத்தை மட்டும் மாற்றினார். அத்தோடு விடவில்லை, வெளி வாங்கில் காத்திருந்த பம்ப்காரர் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எடுக்கிறீங்களா எண்டு கேக்கல்ல. எடுத்துக் காட்டுங்க," என்றார். எடுக்கிறீர்களா என்று கேட்டால் நாம் எல்லோரும் ஓம் என்றுதானே சொல்வோம்? வரிசை வாசலுக்கு வெளியே போனது. "என்ன இது, இண்டைக்குப் பம்ப் திருவிழாவா?" என்று பின்னால் ஒரு கிழவர் சலித்தார். அவருடைய முறை வந்தபோது… சர்ர்ர். எனக்கு ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

முதல் இரண்டு கிழமை வசந்தாவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. "நீங்களும் உங்கட ஹெட்போனும்," என்று குத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் கிழமையில் ஒருநாள், கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டே ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். முடித்ததை அவளே கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாலர் பாடசாலைக் கலைவிழா. மைக் நான்தான். வசந்தாவின் கழுத்தில் சின்ன மைக்கை மாட்டிவிட்டேன். அவள் முன்னால் பாடிக்கொண்டு ஓட, பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கோச்சிப் பாட்டு. மைதானத்தை மூன்று சுற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு, அவள் வரிக்கு வரி மூச்செடுப்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தமுறை விசில் அடித்தது பிள்ளைகள் மட்டும்தான்.

பெரிய டொக்டரும் வந்து முன்வரிசையில் இருந்தார். பாட்டு முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, கையைக் காதுவரைக்கும் தூக்கி, "எப்பிடி?" என்பது போலத் தலையை ஆட்டினார். நான் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுக் காட்டினேன்.

இந்த வயதில், தன்னிடம் பழகியவரிடம் "இன்னொருக்காக் காட்டு" என்று கேட்ட மனிசன் எங்கள் ஊர் டொக்டர். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மைக் கொடுத்தால் அதிலேயே சொல்வேன்… எழுத்தில் சொல்வது எனக்கு லேசு என்பதால் இங்கே சொல்கிறேன்.

விழா முடிந்து வயர் சுற்றும்போதுதான் வசந்தா கேட்டாள்:

"இஞ்சருங்க, அந்தக் கடிதம் எங்க?"

மிக்சரைத் தூக்கிக் காட்டினேன். அதற்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை; கடிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாமல் நிற்கிறது.